ஒயினுக்கு மார்க் போடறதுக்கு முன்னாடி பாட்டிலை மூடுங்க

தமிழ்நாட்டுல சரக்கு விக்கிற கடைக்கு 'ஒயின்ஷாப்'னு பேர் வெச்ச புண்ணியவானுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. அங்க பிராந்தி கிடைக்கும், ரம் கிடைக்கும், பீர் கிடைக்கும். ஒயின் கேட்டா மட்டும் கம்பிக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஒரு பார்வை வரும் பாருங்க, "எந்த ஊர்ல இருந்துடா வர்ற"ங்கற மாதிரி. 2003 நவம்பர்ல சில்லறை விற்பனை மொத்தமும் டாஸ்மாக் கைக்குப் போறதுக்கு முன்னாடி, தனியார் கடை போர்டுல எல்லாம் 'ஒயின்ஸ்'னு தான் எழுதியிருக்கும். போர்டு போய் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பேரு மட்டும் போகல. கோயமுத்தூர்ல இன்னிக்கும் வழி கேட்டா "ஒயின்ஷாப் தாண்டி லெஃப்ட்ல திரும்புங்ணா"ன்னு தான் பதில் வருது.

அப்படிப்பட்ட ஊர்ல இருந்து ஒருத்தன் ஒயின் ருசி பத்தி எழுத வந்தா சிரிப்பு வரத்தான் செய்யும். சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, விஷயம் இருக்கு :)

நம்ம ஐ.டி. மக்கள் கொஞ்ச வருஷமா ஒயினுக்கு மார்க் போட ஆரம்பிச்சிருக்காங்க. போன்ல ஆப், லேபிளைப் படம் எடுத்தா நாலு ஸ்டார், மூணே முக்கால் ஸ்டார்னு வந்து நிக்குது. "மச்சி, இது 88 பாயிண்ட் ஒயின்"னு சொல்லி ஊத்தறாங்க. குடிக்கிறவனும் 88 பாயிண்டுக்குத் தகுந்த மாதிரி தலையாட்டறான். நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு தான். இந்த மார்க்குல பெரும்பகுதி திராட்சைக்குப் போறதில்ல, லேபிளுக்குப் போகுது. அந்த லேபிள் மூணு வகை. பாட்டில் மேல ஒட்டின பேர் ஒண்ணு, விலை ஒண்ணு, மூணாவது நாம இரவல் வாங்கி வெச்சிருக்கற வர்ணனை வார்த்தைங்க. மூணையும் மூடிட்டு நாக்கை மட்டும் கேட்டா தான், ஆயிரம் ரூபாயை ஒட்டின ஒயின்ல எது தேறும் எது தேறாதுன்னு உருப்படியா சொல்ல முடியும்.

மொதல்ல 'மலிவு'ங்கற வார்த்தையையே பாத்துடலாம். ஆன்சைட் போய்ட்டு வந்தவங்க எல்லாருக்கும் ஒரு பெருமூச்சு உண்டு. "அங்க சூப்பர் மார்க்கெட்ல நாலு டாலருக்கு சிலி ஒயின் கிடைச்சுது, இங்க கொள்ளை"ன்னு. கொள்ளைக்குப் பேர் சுங்க வரி. வெளிநாட்டு ஒயினுக்கு 150 சதவீதம் போட்டு வெச்சிருந்தாங்க. 2022 டிசம்பர் 29ல ஆஸ்திரேலியாவோட போட்ட வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தப்ப, அந்த நாட்டு ஒயினுக்கு வரி குறைஞ்சுது. ஆனா எதுக்குக் குறைஞ்சுதுன்னு பாருங்க. இறக்குமதி விலை பாட்டிலுக்கு 5 டாலருக்கு மேல இருந்தா 100 சதவீதம், 15 டாலருக்கு மேல இருந்தா 75 சதவீதம். 5 டாலருக்குக் கீழ இருக்கறதுக்கு சலுகையே இல்ல. அதாவது காஸ்ட்லி பாட்டில் குடிக்கறவருக்குத் தள்ளுபடி, நம்ம மாதிரி ஆளுக்கு நாமம். இதுக்கு மேல ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு வரி போடும். அதனால 'அந்த நாட்டுல மலிவு' வேற, 'நம்ம கைக்கு மலிவு' வேற. ரெண்டு ஊர் ஒயினை ஒப்பிடணும்னா நாம இங்க என்ன காசு குடுத்தோமோ அதை வெச்சுத் தான் ஒப்பிடணும்.

சரி, முதல் லேபிளுக்கு வருவோம். பேர்.

1976 மே 24ந் தேதி பாரிஸ்ல ஸ்டீவன் ஸ்பரியர்னு ஒரு இங்கிலாந்துக்காரர், அங்கயே ஒயின் கடை வெச்சிருந்தவர், ஒரு போட்டி நடத்தினாரு. பிரான்ஸோட பெரிய பெரிய ஒயின்களும் அப்ப யாரும் பெருசா மதிக்காத கலிஃபோர்னியா ஒயின்களும். எது எந்த ஊர்னு தெரியாம ஊத்தினாங்க. மார்க் போட்டவங்க பிரெஞ்சு நிபுணர்கள், 20க்கு மார்க். முடிவுல வெள்ளை, சிவப்பு ரெண்டுலயும் முதலிடம் கலிஃபோர்னியாவுக்கு. நடுவர்ல ஒருத்தர் கலிஃபோர்னியா ஒயினைக் குடிச்சுட்டு, அப்பாடா பிரான்ஸுக்குத் திரும்பி வந்துட்டோம்னு சந்தோஷப்பட்டாராம். அதை நேர்ல பாத்து எழுதினது டைம் பத்திரிகை நிருபர். பேரைப் பாத்து ஊத்தியிருந்தா இந்த முடிவு வந்திருக்குமா?

இன்னொண்ணு 2001ல வெளிவந்த ஆராய்ச்சி. போர்டோ பல்கலைக்கழகத்துல ஒயின் படிக்கற 54 மாணவர்கள். வெள்ளை ஒயின்ல வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து குடுத்தாங்க. அவங்களும் சிவப்பு ஒயினுக்கு எழுதற வர்ணனையையே எழுதிக் குடுத்தாங்க. மூக்கு சொன்னதைக் கேக்காம கண்ணு சொன்னதைக் கேட்டுட்டாங்க.

"அது மாணவர்கள் பாஸ், அனுபவசாலிங்க அப்படி ஏமாற மாட்டாங்க"ன்னு சொல்வீங்க. அதுக்கும் ஆள் இருக்காரு. ராபர்ட் ஹாட்ஜ்சன், ஓய்வு பெற்ற பேராசிரியர், கலிஃபோர்னியாவுல சின்னதா ஒயின் தயாரிக்கிறவர். தன் ஒயின் ஒரு போட்டில தங்கம் வாங்குது, அடுத்ததுல கண்டுக்கவே மாட்டேங்கறாங்க, என்னடா இதுன்னு யோசிச்சிருக்காரு. நம்மாளு மாதிரியே டெஸ்ட் கேஸ் எழுதிட்டாரு. 2005ல இருந்து கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில, ஒரே பாட்டில்ல இருந்து மூணு கிளாஸ் ஊத்தி, மத்த ஒயின்களுக்கு நடுவுல ஒளிச்சு வெச்சு, அதே நடுவருக்குக் குடுத்தாங்க. ஒரே இன்புட், ஒரே அவுட்புட் வரணும் இல்லயா? மூணுக்கும் ஒரே பதக்க அளவுக்குள்ள மார்க் போட்டவங்க ஏறக்குறைய பத்துல ஒருத்தர் தான். 2008ல முடிவை வெளியிட்டாரு.

இதே கண்காட்சில தான் 2007ல இன்னொரு கூத்து. அமெரிக்கா போனவங்களுக்கு டிரேடர் ஜோஸ் கடையும், அங்க 2002ல 1.99 டாலருக்கு வந்த சார்லஸ் ஷா ஒயினும் ஞாபகம் இருக்கும். 'டூ பக் சக்'னு செல்லப் பேரு. அதோட 2005 ஷார்டனே அந்த வருஷம் கலிஃபோர்னியாவோட சிறந்த ஷார்டனேன்னு பரிசு வாங்கிடுச்சு. சிலர் "பாத்தியா, மலிவு ஜெயிச்சுது"ன்னு கைதட்டினாங்க. சிலர் "போட்டியே டுபாக்கூர்"னாங்க. எனக்கு ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி உண்மை தெரியுது. மூடி வெச்சுக் குடிச்சதால தான் ரெண்டு டாலர் ஒயினுக்கு வாய்ப்புக் கிடைச்சுது. ஆனா ஒரே ஒரு தடவை குடிச்சுப் போட்ட மார்க்கை நம்பக் கூடாதுங்கறதும் உண்மை. பாட்டிலை மூடினா மட்டும் போதாது, ஒரே ஒயினை ரெண்டு தடவை ஒளிச்சு வெக்கணும்.

இந்த 88, 90 பாயிண்டுக்கு மூலகர்த்தா ராபர்ட் பார்க்கர். 1978ல 'ஒயின் அட்வகேட்' இதழ் ஆரம்பிச்சு, 100க்கு மார்க் போடறதைப் பிரபலம் ஆக்கினாரு. அந்த அளவுகோல் ஆரம்பிக்கறதே 50ல இருந்து. பாட்டிலுக்குள்ள வந்து உக்காந்தாலே 50 மார்க். நாலு வருஷம் இன்ஜினியரிங் காலேஜ்ல அரியர் எழுதினவங்களுக்குத் தெரியும் 50ங்கறதோட அருமை. நமக்கு அது பாஸ் மார்க்கு, அங்க அது அட்டெண்டன்ஸ் மார்க்கு!

ரெண்டாவது லேபிள், விலை.

2008ல கலிஃபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் சில பேரை ஸ்கேனர்ல படுக்க வெச்சு, குழாய் வழியா ஒயின் குடுத்து, ஒவ்வொரு தடவையும் விலையைச் சொன்னாங்க. ஒரே ஒயினை ஒரு தடவை 10 டாலர்னும், இன்னொரு தடவை 90 டாலர்னும் சொன்னாங்க. 90னு சொன்னப்ப ஆளுங்க "நல்லா இருக்கு"ன்னு சொன்னது மட்டும் இல்ல, மூளைல இன்பத்தை உணர்ற பகுதியே கூடுதலா வேலை செஞ்சிருக்கு. பொய் சொல்லல, நெசமாவே நல்லா இருந்திருக்கு! அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வு, ஆறாயிரத்துக்கு மேல மூடிக் குடிச்ச மார்க்குகளை அலசினது. விலை தெரியாம குடிக்கறப்ப, பயிற்சி இல்லாத சாதாரண ஜனங்களுக்கு காஸ்ட்லி ஒயின் கூடுதலா எல்லாம் பிடிக்கல. சொல்லப் போனா கொஞ்சம் கம்மியாவே பிடிச்சிருக்கு.

நம்ம நிலைமைல இது ரொம்ப முக்கியம். பட்ஜெட்ல நிக்கறவன் தான் விலைக்கு அதிகமா பயப்படறான். மூணாயிரம் பாட்டில் புளிச்சா "ஓ, அசிடிட்டி அருமை"ங்கறான். எண்ணூறு ரூபா பாட்டில் புளிச்சா "காடி"ங்கறான். ஒரே புளிப்பு தான் சாமி!

மூணாவது லேபிள் தான் எனக்கு நெஞ்சுல உறுத்தற விஷயம். வார்த்தை.

ஒயின் வர்ணனைல வர்ற வார்த்தைங்களைப் பாருங்க. பிளாக்கரன்ட், கூஸ்பெரி, சீடர் மரம், வயலட் பூ. 1984ல கலிஃபோர்னியாவுல டேவிஸ் பல்கலைக்கழகத்துல ஆன் நோபிள்ங்கற பேராசிரியை ஒயின் வாசனைகளை எல்லாம் ஒரு சக்கரமா வரைஞ்சாங்க. ரொம்ப நல்ல வேலை. குடிக்கறவங்க 'சூப்பர்', 'கம்பீரம்'னு அள்ளி விடாம, தெரிஞ்ச ஒரு பொருளோட பேரைச் சொல்லணும்ங்கறது தான் நோக்கம். அதை நாம எப்படிப் புரிஞ்சுக்கிட்டோம்? அவங்களுக்குத் தெரிஞ்ச பொருளை நாமளும் சொல்லணும்னு புரிஞ்சுக்கிட்டோம். பிளாக்கரன்டை மருந்துக் கடை சிரப்புல தவிர வேற எங்கயும் பாக்காதவன் "பிளாக்கரன்ட் நோட்ஸ்"ங்கறான். கூஸ்பெரிய நெல்லிக்காய்னு மொழிபெயர்க்கறாங்க. அந்தக் கூஸ்பெரி வேற குடும்பத்துச் செடி, நம்ம நெல்லிக்காய்ல இருக்கற துவர்ப்பு அதுல கிடையாது. பேரை வெச்சு நெல்லிக்காயைத் தேடினா கிளாஸ்ல கிடைக்காது.

வெறும் கை இல்ல நம்மகிட்ட. அறுசுவைன்னு ஆறு வார்த்தை ரெடியா இருக்கு. ஒயினோட எலும்புக்கூடே அதுல அடங்கிடும். திராட்சை அமிலம் புளிப்பு. நொதிக்காம மிஞ்சின சர்க்கரை இனிப்பு. தோல்லயும் விதைலயும் இருந்து வர்ற டானின் துவர்ப்பு. ஆல்கஹால் தொண்டைல எரியறது கார்ப்பு. டானின் என்னன்னு விளக்க ஆங்கிலத்துல அரைப் பக்கம் எழுதறாங்க. நம்மூர்ல வாழைப்பூவையோ கொட்டைப்பாக்கையோ பச்சையாக் கடிச்ச எந்தக் குழந்தைக்கும் அது தெரியும்.

கொங்கு நாட்டுல நாக்கை வெச்சு அளக்கறது ஒண்ணும் புதுசும் இல்ல. பதநீரை நாங்க தெளுவுன்னு சொல்வோம். எங்க அப்பாரு ஒரு வாய் குடிச்சுட்டு இது பனந்தெளுவா தென்னந்தெளுவா, கலயத்துல சுண்ணாம்பு சரியாப் பூசினாங்களா, வெயில் ஏறின பொறவு எறக்கினதான்னு வரிசையா சொல்வாரு. மேல ஏறினா குன்னூர். அங்க தேயிலை ஏலத்துக்கு முன்னாடி வரிசையா கோப்பை வெச்சு, சத்தமா உறிஞ்சி, துப்பிட்டு அடுத்ததுக்குப் போறது சிலருக்கு முழுநேர வேலை. ருசி பாக்கறது ஐரோப்பாக்காரன் கண்டுபிடிச்ச வித்தை இல்லீங்க.

எல்லாத்துக்கும் மேல, பன்னீர் திராட்சை. தொண்டாமுத்தூர் பக்கம் பந்தல்ல தொங்கும், கம்பம் பள்ளத்தாக்குல ஏக்கர் கணக்குல தொங்கும். வெளிநாட்டுப் பேர் மஸ்கட் ஹாம்பர்க். 1832ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்ததா சொல்றாங்க. குளிர்காலத்துல தூங்கப் போகாம மாத்தி மாத்தி கவாத்து பண்ணி வருஷம் முழுக்கக் காய்க்க வெக்கறாங்க. 2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. நான் சொல்ல வந்தது அந்தப் பேரை. ஒரு கொத்தை மோந்து பாத்த நம்ம விவசாயி 'பன்னீர்'னு சொன்னான். ஜெரானியால், லினலூல்னு ரெண்டு வாசனைப் பொருள் மஸ்கட் திராட்சைல இருக்கு. ரோஜாவுலயும் இருக்கு. சும்மா உவமைக்குச் சொல்லல, வேதியியல் படியே சரி! சீனாவுல தியான்ஜின் பக்கம் இதே திராட்சைல ஒயின் பண்றாங்க. அங்க அதோட பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'ரோஜா மணம்'. கம்பத்துக்காரனும் தியான்ஜின்காரனும் பேசி வெச்சுக்கல. அவனவன் மூக்கை நம்பினான், ரெண்டு பேரும் ஒரே இடத்துல வந்து நின்னாங்க. இதை விட நேர்மையான டேஸ்டிங் நோட் எந்த ஆப்லயும் நான் பாத்ததில்ல.

ஒயினுக்குன்னே உள்ள ரகத்தை நட்டது மத்த மாநிலங்கள் தான். மகாராஷ்டிரா 2001லயும் கர்நாடகா 2007லயும் ஒயினுக்குன்னு தனிக் கொள்கையே போட்டாங்க. ஸ்டான்ஃபோர்ட்ல இன்ஜினியரிங் படிச்சு, ஆரக்கிள்ல வேலை பாத்து, அதை விட்டுட்டு வந்து நாசிக்ல சுலாவை ஆரம்பிச்ச ராஜீவ் சாமந்த் கதை தெரிஞ்சா இன்னிக்கு ராத்திரியே பேப்பர் போடத் தோணும். போட்றாதீங்க, இ.எம்.ஐ. இருக்கு.

சரி, நாங்க என்ன பண்ணினோம்னு சொல்றேன். பெங்களூர்ல நண்பன் வீடு. ருசி பாக்க அஞ்சு பேர், ஊத்தறதுக்கு நான். பாட்டில் எல்லாம் செய்தித்தாள் சுத்தி நம்பர் போட்டது. ஆளுக்கு 30 மில்லி. துப்பறதுக்கு ஒரு குண்டா. ஒரே ஒயினை 2லயும் 6லயும் ஒளிச்சு வெச்சேன். அஞ்சு பேர்ல ரெண்டு பேர் தான் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க் போட்டாங்க. இது ஆராய்ச்சி எல்லாம் இல்ல, அஞ்சு பேரோட சனிக்கிழமை. ஆனா பேப்பரைக் கிழிச்சப்ப அவனவன் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே!

அன்னிக்கு முதல் பரிசு ஒரு சொட்டு கூடக் குடிக்காத ஒருத்தருக்கு. நண்பனோட அம்மா பெருந்துறைல இருந்து வந்திருந்தாங்க. "அப்புடி என்னத்தடா மோந்து பாக்கறீங்க"ன்னு ஒரு கிளாஸை வாங்கி மூக்குக்கிட்ட கொண்டு போனாங்க. "ஏங்கண்ணு, நாவப்பழத்த வெயில்ல போட்டு வாட்டுனாப்புல வருதே"ன்னாங்க. அது நந்தி மலைப் பக்கத்துக் கேபர்நே - ஷிராஸ் கலவை. நாங்க அஞ்சு பக்கம் எழுதியும் பிடிபடாதது அந்த ஒத்தை வரில வந்துடுச்சு.

எங்க மார்க் முறையும் எளிமை. மூணே தட்டு. 'இன்னொரு பாட்டில்', 'யாராச்சும் வாங்கிக் குடுத்தா', 'குழம்புல ஊத்து'. ஒவ்வொரு ஒயினும் ரெண்டு தடவை, வெறும் வாயிலயும் சாப்பாட்டோடயும்.

நாசிக் ஷெனின் ப்ளாங். லேசான இனிப்பு, நல்ல புளிப்பு, பழுத்த கொய்யா வாசனை. பள்ளிபாளையம் சிக்கனோட வெச்சப்ப மத்த எல்லாத்தையும் தூக்கி சாப்பிட்டுடுச்சு. காரணம் இருக்கு. ஆல்கஹால் மிளகாய் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பு சேர்ந்தா இன்னும் மோசம். லேசா இனிக்கற ஜில்லுன்ன வெள்ளை தான் அதை அடக்கும். 'இன்னொரு பாட்டில்'.

நாசிக் சோவின்யோன் ப்ளாங். குடைமிளகாய் நறுக்கினா வர்ற பச்சை வாசனை. கற்பனை இல்ல, குடைமிளகாய்ல இருக்கற அதே வகைப் பொருள் இந்தத் திராட்சைலயும் இருக்கு. வெறும் வாயில நல்லா இருந்துச்சு, காரத்துக்கு எடுபடல. 'யாராச்சும் வாங்கிக் குடுத்தா'.

நந்தி மலைக் கலவை. அம்மா சொன்ன நாவல்பழம், கூடவே பாக்குத் துவர்ப்பு. வெள்ளாட்டுக்கறி வறுவலோட கச்சிதம். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மழுக்கிடும். 'இன்னொரு பாட்டில்'.

மகாராஷ்டிராவுல அக்லூஜ் பக்கத்து சாஞ்ஜியோவேஸே. இத்தாலிக்கார ரகம். புளிப்புத் தூக்கல், அதனால தக்காளித் தொக்குக்கு ஜோடி. வெறும் வாயில மூணு பேர் ஒதுக்கினாங்க, சாப்பாட்டோட மூணு பேரும் கட்சி மாறிட்டாங்க. 'இன்னொரு பாட்டில்', ஆனா சாப்பாடு ரெடி ஆன பிறகு.

ஆஸ்திரேலியா ஷிராஸ். மிளகு வாசனை. ஷிராஸ்லயும் மிளகுலயும் இருக்கறது ரோட்டண்டோன்ங்கற ஒரே பொருள் தான்னு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008ல கண்டுபிடிச்சாங்க. நல்ல ஒயின் தான். ஆனா எங்க மேஜைல அது தான் விலை ஜாஸ்தி. குடுத்த காசுல பாதி கஸ்டம்ஸ்க்குப் போகுதுன்னு நெனச்சா துவர்க்குது. 'யாராச்சும் வாங்கிக் குடுத்தா'.

கோவாவுல 'போர்ட்'னு விக்கற இனிப்புச் சிவப்பு. போர்ச்சுகல் நாட்டு நெசமான போர்ட் வேற சமாச்சாரம். இது ஜாதிக்காய் ஊறின திராட்சை ஜூஸ் மாதிரி. ஒருத்தன் மூடி வெச்சப்ப இதுக்குத் தான் முதல் மார்க் போட்டான், பேப்பரைக் கிழிச்சதும் வெக்கப்பட்டான். எதுக்குடா வெக்கம்? இனிப்பு பிடிக்கறது குத்தமா? ஒப்புட்டு தின்னு வளந்த நாக்கு அது.

குழம்புக்குப் போனதும் ஒண்ணு உண்டு. அதோட பேர் வேண்டாம். கடைல வெயில்ல நின்னு வெந்து போன பாட்டில், மூடியைத் திறந்ததும் சுண்ட வெச்ச ஜாம் வாசனை. தப்பு திராட்சையோடதா கடையோடதான்னு பிரிக்க முடியாது. நம்ம ஊர்ல மலிவு ஒயினுக்கு முதல் எதிரி சூடு தான். அதனால ஜன்னலோரம் நிக்கற பாட்டிலைத் தொடாதீங்க. வெள்ளை ஒயின்னா அறுவடை வருஷம் பாத்து, புதுசா வாங்குங்க. 'ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்'னு எவனாச்சும் சொன்னா, அது ஐரோப்பாக்காரன் ரூம், 16ல இருந்து 18 டிகிரி. கோயமுத்தூர் சித்திரை வெயில்ல சிவப்பையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுத் தான் திறக்கணும்.

இப்ப எதிர்க்கட்சிக்கு வருவோம். "ஊரே டாஸ்மாக்ல சீரழியுது, நீ குடிக்கு சந்தனம் பூசறியா?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. கணக்கையே போட்டுடறேன். குவாட்டர் பிராந்தி 180 மில்லி, 42.8 சதவீதம். அதுல சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி. ஒரு பாட்டில் ஒயின் 750 மில்லி, 13 சதவீதம். அதுல 97 மில்லிக்கு மேல. "நான் ஒயின் மட்டும் தாங்க, குடிகாரன் இல்ல"ன்னு சொல்லிட்டு ஒரு பாட்டிலைத் தனியா முடிக்கறவர், சந்துல நின்னு குவாட்டர் அடிக்கற கட்டிடத் தொழிலாளியை விட ஜாஸ்தி குடிச்சிருக்காரு. கிளாஸுக்கு காம்பு இருக்கறதால ஈரலுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாது. இதயத்துக்கு நல்லதுங்கற சால்ஜாப்பும் வேண்டாம். பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரில தெளிவாவே சொல்லிடுச்சு. குடிக்காதவங்க ஆரம்பிக்கணும்னு நான் சொல்லவே இல்ல. மோந்து பாத்தே ஜெயிச்ச அம்மாவை மேல பாத்தீங்க.

நான் சொல்றது ஏற்கனவே குடிக்கறவங்களுக்கு. நம்ம ஊர்ல குடிக்கறவனுக்கு 'எது இருக்கோ அது' தான் சாய்ஸ். எது சீக்கிரம் ஏறும்ங்கறது தான் ரேட்டிங். 30 மில்லியை வாயில வெச்சு, புளிப்பு எங்க, துவர்ப்பு எங்கன்னு தேடி, துப்பிட்டு எழுதறவன் அந்த ரேட்டிங்ல இருந்து வெளிய வர்றான். நாக்கு வேலை செய்யும்போது கை மெதுவாகும். நாங்க அன்னிக்கு ஆறு பேர் வீட்ல ஏழு பாட்டில் திறந்தும் எல்லாத்துலயும் மிச்சம் இருந்துச்சு. வழக்கமான சனிக்கிழமைல அப்படி நடந்ததா சரித்திரமே இல்ல.

"அப்ப நிபுணர்கள் எல்லாம் சும்மாவா?"ன்னும் கேக்கலாம். சும்மா இல்ல. கெட்டுப் போன ஒயினை, ஆக்சிஜன் ஏறினதை, கார்க் பூசணத்தை ஒரே மோப்பத்துல சொல்ற திறமை பயிற்சியால தான் வரும். அவங்க வர்ணனைய நம்பலாம், குறையைச் சொன்னா காது குடுத்துக் கேக்கலாம். ஆனா 88க்கும் 90க்கும் நடுவுல இருக்கற அந்த ரெண்டு மார்க்குக்கு ஐநூறு ரூபா கூடக் குடுக்கறது, ஹாட்ஜ்சன் கணக்கைப் பாத்த பிறகு, அளவுகோல்ல இருக்கற நடுக்கத்துக்குக் குடுக்கற காசு.

அதனால மக்களே, அடுத்த தடவை ஒயின் பத்தி எழுதறப்ப மூணு விஷயம் பண்ணுங்க. பாட்டிலைச் சுத்துங்க. ஒண்ணை ரெண்டு தடவை ஒளிச்சு வெங்க. பிளாக்கரன்டை விட்டுட்டு, உங்க ஊர்ல உங்க மூக்குக்குத் தெரிஞ்ச பேரை எழுதுங்க. திருநெல்வேலிக்காரர் பதநீர் வாசம்னு எழுதட்டும், யாழ்ப்பாணத்துக்காரர் கறுத்தக்கொழும்பான் மாம்பழம்னு எழுதட்டும், சிங்கப்பூர்ல இருக்கறவர் டுரியான்னு எழுதினாலும் சரி (அந்த பாட்டிலை மட்டும் எனக்கு அனுப்பிடாதீங்க). பத்து ஊர்க்காரங்க அப்படி எழுதினா, பன்னீர் திராட்சை மாதிரி ஒரு நல்ல பேர் ரெண்டு மூணாச்சும் தேறும்.

டிஸ்கி 1: மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு. இது சம்பிரதாயத்துக்குப் போடற வரி இல்ல, மேல கணக்கும் போட்டிருக்கேன்.

டிஸ்கி 2: குடிச்சுட்டு வண்டியைத் தொடாதீங்க. துப்பினவங்களும் தான்.

டிஸ்கி 3: பள்ளிபாளையம் சிக்கன் ரெசிபி கேட்டு வர்றவங்களுக்கு: காய்ஞ்ச மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லு. தக்காளி போடறவங்களோட பேச்சுவார்த்தை கிடையாது :)